பதினாலாயிரத்துக்குள் முடிந்த பழுது: ஓசூர் வீட்டுப் புல்தரை ஸ்பிரிங்க்ளர், ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் மதிப்பீடு 1,42,000 ரூபாய். இரண்டாவது 58,000. கடைசியில் ஆன செலவு 13,910. மூன்றும் ஒரே வீட்டின் ஒரே புல்தரைக்கு, ஒரே கோடையில் சொல்லப்பட்ட தொகைகள். இவ்வளவு பெரிய இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதை எழுதி வைப்பது அவசியம் என்று நினைக்கிறேன். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் புதிதாக எழும் வீடுகளில் புல்தரையும் தானியங்கித் தெளிப்பான்களும் பெருகிவிட்டன. அவற்றைப் பழுது பார்க்க என்ன ஆகும் என்று கேட்டால், ஆளுக்கொரு தொகையைச் சொல்கிறார்கள். ஏன் அந்தத் தொகை என்று மட்டும் யாரும் விளக்குவதில்லை.

ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்துத் தக்காளி, ரோஜாத் தோட்டங்களில் சொட்டுநீர் அமைத்துக் கொடுப்பது என் தொழில். வீட்டுத் தோட்ட வேலை இடையிடையே வரும். இரண்டுக்கும் குழாயும் வால்வும் ஃபில்டரும் ஒன்றுதான்.

வீடும் புகாரும்

மத்திகிரிப் பக்கம் ஒரு தனிவீடு. வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. வீட்டின் முன்புறம் 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலத்தில் புல்தரை. பக்கவாட்டில் 15 மீட்டர் நீளத்துக்கு 4 மீட்டர் அகலத்தில் இன்னொரு பட்டை. இரண்டும் சேர்த்து 168 சதுர மீட்டர். முன்புறத்துக்குச் சுழலும் வகைத் தெளிப்பான்கள் 6. மூலைக்கு ஒன்றாக 4, நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்றாக 2. பக்கவாட்டுக்கு விசிறிபோல் நின்று தெளிக்கும் சிறிய பாப்-அப் தலைகள் (தண்ணீர் வந்தால் தரையிலிருந்து எழும்பும் தெளிப்பான்கள்) 10. வேலியோரச் செடிகளுக்குச் சொட்டுநீர். ஆக மூன்று பிரிவுகள், மூன்று மின்வால்வுகள், சுவரில் ஒரு டைமர். சம்ப்பிலிருந்து 1 எச்.பி. பிரஷர் பம்ப் தண்ணீர் தருகிறது. சம்ப்புக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கோடையில் அது போதாமல் லாரித் தண்ணீர்.

அவர் சொன்ன புகார்கள் இவை. முன்புறப் புல்லின் நடுப்பகுதி மஞ்சளாகிக் காய்கிறது. கேட் ஓரத்திலோ கால் வைத்தால் சேறு. பக்கவாட்டில் தலைகள் பாதிதான் எழும்புகின்றன. அதுவும் டைமரில் ஓடுவதில்லை, தோட்டக்காரப் பெரியவர் வால்வைக் கையால் திருகித் திறந்துவிடுகிறார். இரவில் யாரும் தண்ணீர் திறக்காதபோதும் பம்ப் தானாக ஓடி நிற்கிறது. மின்கட்டணம் உயர்ந்துவிட்டது.

“தம்பி, எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா? அப்படியானால் மொத்தமாக மாற்றிவிடுவதுதான் சரியா?” என்று கேட்டார்.

மிக நல்ல கேள்வி அது. எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது. ஒன்று கெட்டு, அதைச் சமாளிக்க ஒரு மாற்றுவழி வந்து, அந்த மாற்றுவழி அடுத்ததைக் கெடுக்கும். பழுதுகளை வந்த வரிசையில் பிரித்துப் பார்க்காவிட்டால் மொத்தமும் ஒரே பெரிய நோயாகத் தோன்றும்.

இரண்டு மதிப்பீடுகள்

1,42,000 ரூபாய் கேட்டவர்கள் தோட்ட அலங்கார வேலை செய்யும் ஒரு நிறுவனத்தினர். 16 தலைகளும் புதிது, 3 வால்வுகளும் புதிது, கைப்பேசியில் இயக்கும் புதிய டைமர், புதிய குழாய், அதற்காகத் தரையைத் தோண்டி மூடுவது, புதிய புல். மொத்தத் தொகைக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 58,000 கேட்டவர் உள்ளூர் பிளம்பர். அவர் குழாயைத் தொடவில்லை; எல்லாத் தலைகளையும் மாற்றி, அழுத்தம் போதவில்லை என்பதால் பம்பை 1.5 எச்.பி.யாக உயர்த்தச் சொன்னார்.

இவற்றில் மோசடி எதுவும் இருந்ததாக நான் கருதவில்லை. வால்வுப் பெட்டியின் மூடியை இருவருமே திறக்கவில்லை, அவ்வளவுதான். திறந்து பார்ப்பதற்கு யாரும் கூலி தருவதில்லை. மதிப்பீடு என்றால் இலவசம் என்று நாம் பழகிவிட்டோம். இலவசமாக வந்து பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர், தனக்குத் தெரியாத அத்தனைக்கும் சேர்த்துத்தான் விலை போட முடியும். குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று தெரியாதபோது எல்லாக் குழாயையும் மாற்றுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அந்த 1,42,000 ரூபாயில் பெரும்பங்கு, பழுதைத் தேடாமல் விட்டதற்கான விலை.

அதனால் நான் சோதனைக்கு என்று தனியாக 2,000 ரூபாய் கேட்டேன். பழுதை என்னிடம் சரி செய்தாலும் வேறொருவரிடம் கொடுத்தாலும் அந்தத் தொகை எனக்கு, சோதனை முடிவு எழுத்தில் அவருக்கு. அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

ஃபில்டர்

அழுத்தம் எங்கே தொலைகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பம்பின் வாயில் ஓர் அழுத்தமானி, ஃபில்டரைத் தாண்டி ஓர் அழுத்தமானி. முன்புறப் பிரிவை ஓட விட்டபோது பம்ப் வாயில் 3.2 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) காட்டியது. ஃபில்டருக்குப் பின் 1.6. பம்ப் கொடுத்த அழுத்தத்தில் சரிபாதியை ஃபில்டரே விழுங்கிக்கொண்டிருந்தது. சுத்தமான ஃபில்டரில் இந்த வித்தியாசம் 0.2, 0.3 கிலோவுக்குள் இருக்கும். 0.5-ஐத் தாண்டினால் கழற்றிக் கழுவ வேண்டும். சொட்டுநீர் போட்டிருக்கும் ராயக்கோட்டை விவசாயி யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். அவருடைய ஃபில்டரில் இரண்டு பக்கமும் கேஜ் இருக்கும். வீட்டுத் தோட்டங்களில் அதைப் பொருத்துவதே இல்லை.

இந்த வீட்டில் ஃபில்டர் இருப்பதே பெரியவருக்குத் தெரியாது. பம்ப் அறையில், பழைய பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. வட்டுகள் அடுக்கிய வகை. திறந்தால் வட்டுகள் ஒன்றோடொன்று சுண்ணாம்பாக ஒட்டிக் கல்லாகியிருந்தன. இடையில் பாறைத்தூளும் செந்நிறத் துருவும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீர் கிடைப்பது பாறை இடுக்குகளில். இந்த நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் அது செயல்பாட்டுக்கு வந்தது. குழாய்களையும் ஃபில்டர்களையும் வதைப்பது ஃப்ளோரைடு அல்ல, தண்ணீரின் கடினத்தன்மை. கால்சியம் உப்புகள் நீர் உலரும் இடத்திலெல்லாம் வெள்ளையாகப் படியும். துளை சிறியதாக இருக்கும் இடம் முதலில் அடைபடும். போர் ஆழமாக ஆகப் பாறைத்தூளும் கூடும். இந்த ஊர்த் தண்ணீருக்கு ஃபில்டர் கழுவாத ஸ்பிரிங்க்ளர் நீண்ட நாள் ஓடாது.

விவசாயிகள் சொட்டுநீர்க் குழாய்க்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவார்கள். வீட்டில் அது வேண்டாம் என்பது என் கருத்து. குழந்தைகளும் நாய்களும் நடமாடும் இடம். வட்டுகளைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்தோம். காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் உதிர்ந்தது. மாட்டியபின் பின்பக்க அழுத்தம் 2.9 கிலோ. சுழலும் தலைக்கு 3 கிலோ அளவில் இருந்தால் நன்று. சிறிய பாப்-அப் தலைக்கு 2 கிலோவே போதும்.

1.5 எச்.பி. பம்புக்கான தேவை அங்கேயே முடிந்துவிட்டது. அடைத்த ஃபில்டரோடு பெரிய பம்பை மாட்டியிருந்தால் மின்செலவு கூடியிருக்கும், தண்ணீர் அவ்வளவாகக் கூடியிருக்காது.

இரவில் ஓடும் பம்ப்

பிரஷர் பம்ப் தானாக ஓடுகிறது என்றால் எங்கோ தண்ணீர் வெளியேறி அழுத்தம் குறைகிறது என்று பொருள். பம்பை அடுத்துள்ள, கையால் மூடும் வால்வை (ball valve) மூடிப் பார்த்தோம். பம்ப் மறுபடி ஓடவில்லை. கசிவு அந்த வால்வுக்கு அப்பால், தோட்டத்துக் குழாயில்.

கேட் ஓரச் சேறு அதற்கு விடை. இதில் இரண்டு விதம் உண்டு. தண்ணீர் நின்றபின் குழாயில் மிச்சமிருக்கும் நீர் மிகத் தாழ்வான தலை வழியாகச் சில நிமிடங்கள் வடியும். அது பழுதே அல்ல, தலைக்கு அடியில் சிறு தடுப்பு வால்வு இருந்தால் அதுவும் நின்றுவிடும். மணிக்கணக்கில் வடிந்தால் மின்வால்வு முழுதாக மூடவில்லை. இங்கே இரவு முழுக்க வடிந்தது.

அந்தத் தலைக்கு அடியில் குழி பறித்து, வடிவதைப் பிடித்து அளந்தோம். இரண்டு நிமிடத்தில் ஒரு லிட்டர். மணிக்கு 30 லிட்டர், நாளைக்கு 720 லிட்டர். இந்தப் புல்தரை முழுவதற்கும் கோடையில் நாளைக்கு 4 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் தேவை 672 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது சரியாக ஒரு லிட்டர். புல் முழுவதும் குடிக்க வேண்டிய அளவைவிட அதிகமான தண்ணீர் கேட் ஓரத்தில் சேறாகிக்கொண்டிருந்தது. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில்! அந்தக் கணக்கைச் சொன்னபோது அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. எனக்கும் மனம் கனத்தது.

மின்கட்டணமும் இதன் தொடர்ச்சிதான். இரண்டு மாத பில் சுழற்சியில் அந்தக் கசிவு ஏறக்குறைய 43,000 லிட்டர். பாறையின் ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டரை மேலே ஏற்றி, மறுபடி பிரஷர் பம்பில் தள்ள, இந்த வீட்டில் ஏறத்தாழ 2 யூனிட் ஆகிறது. 86 யூனிட் சேற்றுக்குப் போயிருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்நுகர்வு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். முந்தைய யூனிட்டுகள் சிலவற்றுக்கும் கூடுதல் விலை வரும். 470, 480-இல் நிற்க வேண்டிய வீடு 560-க்குப் போனதால்தான் பில் அப்படிக் கனத்தது.

வால்வைத் திறந்தால் உள்ளே தண்ணீரை அடைக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரத்தின் ஓரத்தில் மிளகளவு கல்துகள் ஒன்று. அது நாள்பட அழுந்தி ரப்பரைக் கிழித்திருந்தது. டயஃப்ரம் மட்டும் 520 ரூபாய். வால்வை மாற்றத் தேவையில்லை; உடல் நன்றாகவே இருந்தது.

பக்கவாட்டுப் பிரிவு டைமரில் ஓடாததற்கு, வால்வைத் திறக்கும் மின்சுருளான காயில் எரிந்துவிட்டது என்று முன்பே யாரோ சொல்லியிருந்தார்கள். மல்டிமீட்டரை வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது. இந்த வால்வுகள் 24 வோல்ட் மாறுமின்சாரத்தில் இயங்குபவை. நல்ல காயிலின் தடை 20 முதல் 60 ஓம் வரை இருக்கும். டைமர் முனையில் வைத்தபோது முதல் பிரிவு 28, மூன்றாம் பிரிவு 29, பக்கவாட்டுப் பிரிவுக்கு இணைப்பே இல்லை. அதே பக்கவாட்டு வால்வின் காயிலில் நேராக வைத்தால் 27. காயில் நலம், நடுவில் கம்பி விட்டுப்போயிருக்கிறது. வால்வுப் பெட்டிக்குள் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சு. பிரித்தால் தாமிரம் பச்சையாகப் பொடிந்து உதிர்ந்தது. மண்ணுக்கடியில் ஈரத்தில் கிடக்கும் முடிச்சுக்குப் பசை நிரப்பிய நீர்புகாக் கனெக்டர்தான் போட வேண்டும். ஒன்று 60 ரூபாய். எல்லா முடிச்சுகளையும் சேர்த்து ஆறு மாற்றினோம்.

டைமருக்கு வந்த ஒரே கோளாறு உள்ளே இருந்த 9 வோல்ட் பேட்டரி தீர்ந்தது. அதனால் மின்சாரம் போய் வந்தபோதெல்லாம் அதன் கடிகாரம் 12-க்குத் திரும்பி, விடிகாலைத் தண்ணீர் உச்சி வெயிலில் ஓடியது. பேட்டரி 90 ரூபாய்.

நடுவில் காய்ந்த திட்டு

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செலவில்லாதது, யாரும் செய்யலாம். ஒரே அளவிலான நேர்ச்சுவர் பிளாஸ்டிக் டப்பாக்கள் 16-ஐ நாலுக்கு நாலாக முன்புறப் புல்லில் வைத்து, 15 நிமிடம் தண்ணீர் ஓட விட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளவுகோலால் பார்ப்பது. காற்றில்லாத விடிகாலையில் செய்ய வேண்டும்.

ஃபில்டர் சுத்தமான பிறகு செய்த முதல் அளவில் சராசரி 3.4 மில்லிமீட்டர். மிகக் குறைவாக நிரம்பிய நான்கு டப்பாக்களின் சராசரி 1.3. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.38. இந்த எண் 0.7-க்கு மேல் இருந்தால் புல் ஒரே சீராக இருக்கும். 0.38 என்றால், காயும் இடத்தைக் காப்பாற்ற மற்ற இடத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கொட்ட வேண்டும். பெரியவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

குறைவான நான்கும் நடுப்பகுதியில் இருந்தன. அங்கே தண்ணீர் தர வேண்டிய இரண்டு நடுத்தலைகளில் ஒன்று சுழலவே இல்லை. உள்ளிருக்கும் பல்சக்கரத்தில் மணல் ஏறி இறுகிவிட்டது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும், 1,450 ரூபாய். மற்றது சுழன்றது, ஆனால் அதில் இருந்த நாசில் (தண்ணீர் பீய்ச்சும் துளைமுனை) தவறானது. மூலைத் தலை 90 பாகை மட்டும் சுழலும். நடுத்தலை 180 பாகை. இரண்டும் ஒரே வேகத்தில் நகர்வதால், நடுத்தலை ஓர் இடத்தைத் தொடும் தடவைகள் மூலைத் தலையைவிடப் பாதி. ஆகவே நடுத்தலைக்கு இரண்டு மடங்கு தண்ணீர் விடும் நாசில் வேண்டும். முன்பு எப்போதோ மாற்றியவர் எல்லாவற்றுக்கும் ஒரே நாசிலைப் போட்டுவிட்டார். புதிதாக வாங்கிய தலையோடு எல்லா அளவு நாசில்களும் ஒரு தட்டில் வந்தன; அதிலிருந்தே இரண்டு நடுத்தலைகளுக்கும் எடுத்துக்கொண்டோம். தனிச் செலவு இல்லை.

மறுபடி டப்பாக்களை வைத்தபோது சராசரி 4.3, குறைந்த நான்கின் சராசரி 3.2, வகுத்தால் 0.74. பழைய தலைகள் ஐந்தும் அப்படியே இருக்கின்றன. பதினாறு தலைகளையும் மாற்றியிருந்தாலும், நாசில் கணக்கை யாரும் பார்க்காவிட்டால் நடுப்பகுதி காய்ந்துகொண்டேதான் இருந்திருக்கும். வீட்டுப் புல்தரைகளில் நான் பார்க்கும் காய்ந்த திட்டுகளில் பலவற்றுக்கும் தண்ணீர்ப் பற்றாக்குறை காரணமில்லை, பங்கீட்டுப் பிழைதான் காரணம்.

பேவர் பிளாக்குக்கு அடியில்

மற்ற எந்தத் தனிப் பழுதையும்விட அதிகச் செலவு வைத்தது இது. பக்கவாட்டுப் பிரிவை ஓட விட்டால் தலைகள் பாதி எழும்பி நின்றன. ஃபில்டர் சரியான பிறகும் அப்படியே. அந்தப் பிரிவின் குழாய் கேட்டிலிருந்து வீடு வரை போகும் பேவர் பிளாக் பாதைக்கு அடியில் கடக்கிறது. பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாதையில் நடந்து பார்த்தோம். கற்களின் இடுக்குகளில் ஒரு கோட்டில் மட்டும் பாசி படிந்திருந்தது. அந்தக் கோட்டில் மணல் குமிழியிட்டு வெளியே வந்தது.

பிளாக்குகளைப் பெயர்த்தால், ஒரு சாண் ஆழத்தில் 32 மில்லிமீட்டர் பிவிசி குழாய் நீளவாட்டில் விரிந்திருந்தது. சம்ப்பை நிரப்ப வரும் தண்ணீர் லாரி அந்தப் பாதையில்தான் ஏறி நிற்கும். தண்ணீர் போதாததால் லாரி வருகிறது, லாரி ஏறியதால் குழாய் வெடிக்கிறது, வெடித்த குழாய் வழியே லாரித் தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. பெரியவர், “அதனால்தான் லாரி வந்த வாரம் புல் இன்னும் வாடியதா?” என்று கேட்டார். அவர் கவனித்தது சரி. அவரை யாரும் கேட்கவில்லை.

வண்டி ஏறும் இடத்தில் குழாயை நேரடியாக மண்ணில் புதைக்கக் கூடாது. ஒன்றரை அடி ஆழத்தில் 75 மில்லிமீட்டர் கனமான குழாயை உறையாகப் போட்டு அதற்குள் 32 மில்லிமீட்டர் குழாயை நுழைத்தோம். நாளை உள்ளே ஏதாவது ஆனாலும் பாதையைப் பெயர்க்காமல் உருவி எடுக்கலாம். ஒட்டிய இடங்களை இரவு முழுக்க உலர விட்டு, மறுநாள் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகுதான் குழியை மூடினோம். ஒட்டிய அன்றே மூடித் தரச் சொல்லி வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்துவது வழக்கம். இந்த அம்மா அப்படிச் செய்யவில்லை.

பக்கவாட்டுத் தலைகள் பத்தில் இரண்டு புல்வெட்டும் இயந்திரத்தில் அடிபட்டு உடைந்திருந்தன, மாற்றினோம். மற்றவற்றின் நாசில்களை எலுமிச்சை உப்பில் ஊறவைத்ததோடு சரி.

கணக்கு

பொருள்: சுழலும் தலை ஒன்று 1,450, பாப்-அப் தலை இரண்டு, நாசிலோடு 960, டயஃப்ரம் 520, கனெக்டர்கள் 360, ஃபில்டர் வளையமும் எலுமிச்சை உப்பும் 180, பேட்டரி 90, நிரந்தரமாகப் பொருத்திய அழுத்தமானி இரண்டு 760, குழாய், உறைக் குழாய், சாக்கெட், எல்போ, சால்வென்ட் 1,340. கூட்டினால் 5,660 ரூபாய்.

கூலி: பொருத்துநருக்கும் உதவியாளுக்கும் 4,000. பேவர் பிளாக் பெயர்த்து மறுபடி பதித்தவருக்கு 1,100. மணல், சிமென்ட் 650. வண்டிச் செலவு 500. சோதனைக் கட்டணம் 2,000. எல்லாம் சேர்த்து 13,910.

இதில் பேவர் பிளாக் பாதைக்கு மட்டும் ஆன பொருளையும் கூலியையும் கழித்தால் மற்ற எல்லாப் பழுதுகளுக்குமாகச் சுமார் 9,000 ரூபாய்தான். குழாய் போட்ட அன்றே ஓர் உறைக் குழாய் வைத்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பாதை போடும் முன் அதற்கடியில் ஒரு வெற்றுக் குழாயைப் போட்டு இரண்டு முனையையும் மூடி வையுங்கள். இன்றைக்குத் தேவையில்லாவிட்டாலும் போடுங்கள்.

தெளிப்பான்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பொருளை நேரடியாகக் கடையில் வாங்கிக் கூலியைத் தனியாகக் கொடுப்பவருக்கு அந்தக் குறைவு கிடைக்கும். இந்த மாவட்டத்தில் அது எளிது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் அரசு மானியம் தருவதால், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மூன்று ஊர்களிலும் சொட்டுநீர்ப் பொருள்கள் விற்கும் கடைகள் இருக்கின்றன. ஃபில்டர், வால்வு, குழாய், கேஜ் எல்லாம் அங்கே கிடைக்கும். பாப்-அப் தலையை மட்டும் சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கலாம். வயலில் வேலை செய்யும் பொருத்துநர்களுக்கு அழுத்தம், அடைப்பு, உப்பு ஆகியவை அன்றாட விஷயம். வீட்டுப் புல்தரைக்கு நகரத்துத் தோட்ட அலங்கார நிறுவனங்களைத் தேடுவதைவிட இவர்களில் ஒருவரை அழைப்பது நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

மொத்தமாக மாற்றுவது சரியாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. மலிவான மெல்லிய குழாயைப் போட்டு அது இடத்துக்கு இடம் வெடிக்கத் தொடங்கியிருந்தால் ஒட்டுப்போட்டுக் கட்டுப்படியாகாது. தலைகளின் இடைவெளியே தவறாக இருந்தாலும் அப்படித்தான். ஒரு தலையின் தண்ணீர் அடுத்த தலை வரை எட்ட வேண்டும், எட்டாவிட்டால் எந்த நாசிலும் உதவாது. இந்த வீட்டில் இரண்டுமே சரியாக இருந்தன. முதலில் அமைத்தவர் நன்றாகவே அமைத்திருந்தார். பராமரிக்க வேண்டியதை எழுதிக் கொடுக்காமல் போய்விட்டார்.

அதன் பிறகு

டைமரின் நேரங்களை மாற்றினோம். முன்பு புல்தரைப் பிரிவுகள் இரண்டும் தலா 20 நிமிடம் என்று இருந்தது. சுழலும் தலைகள் மணிக்குச் சுமார் 17 மில்லிமீட்டர் தருகின்றன. விசிறித் தலைகள் 39. ஒரே 20 நிமிடத்தில் முன்புறம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டரும் பக்கவாட்டு 13-உம் பெறும். அந்த 13-ஐச் செம்மண் அதே வேகத்தில் உறிஞ்ச முடியாமல் பாதி வழிந்தோடும். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள், முன்புறத்துக்கு 27 நிமிடம். பக்கவாட்டுக்கு 6 நிமிடம், அரைமணி இடைவெளி, மறுபடி 6 நிமிடம். எல்லாம் விடிகாலை 5 மணிக்குத் தொடங்குகிறது.

பெரியவர் ஃபில்டர் கழுவக் கற்றுக்கொண்டார். இரண்டு கேஜுகளின் முள்ளுக்கும் அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் கழற்ற வேண்டும் என்று பம்ப் அறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த மின்கட்டணச் சுழற்சியில் நுகர்வு 500-க்குக் கீழே வந்தது. கேட் ஓரம் காய்ந்துவிட்டது.

பக்கவாட்டுப் பட்டையைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு கருத்து உண்டு. அதை அந்த அம்மாவிடமும் சொன்னேன். நான்கு மீட்டர் அகலப் பட்டைக்கு விசிறித் தலைகள் தெளிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு சுவரிலும் பாதையிலும் விழுகிறது. மதியத்துக்குப் பிறகு அங்கே வீட்டு நிழல். அங்கிருக்கும் மெக்சிகன் புல் நிழலில் செழிக்காது. கோடையில் போர் வற்றும் ஊரில் 60 சதுர மீட்டரை நிழலுக்குள் புல்லாக வைத்திருக்க லாரித் தண்ணீர் வாங்குவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. புல்லை எடுத்துவிட்டு நிழல் தாங்கும் செடிகளும் கறிவேப்பிலையும் வைத்து, இருக்கும் அதே வால்வில் சொட்டுநீர்க் குழாயை இணைத்தால் அந்தப் பிரிவின் தண்ணீர்த் தேவை பாதிக்கும் கீழே குறையும். குழாயும் சொட்டுவான்களும் கூலியும் சேர்த்து 6,400 ரூபாய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேத்தி அந்தப் பட்டையில்தான் பந்து விளையாடுகிறாள் என்பதால் வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முன்பாதியைப் புல்லாகவே விட்டு, சுவரோரம் நிழல் விழும் பின்பாதியை மட்டும் மாற்றினால் 3,500 ஆகும் என்று அதையும் தனியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.